சார்டொனே ருசி பார்க்க மதுரைக்காரருக்கு எது தோது: ஓட்டல் கிளாஸா, வீட்டு பாட்டிலா, தோட்டத்துக்கே போவதா?

பீர், பிராந்தியிலிருந்து ஒயின் பக்கம் திரும்பியிருக்கும் வாசகர்கள் ஒரே கேள்வியைப் பல தினுசாகக் கேட்கிறார்கள். சார்டொனே வேண்டும், அதுவும் லட்சக்கணக்கில் பாட்டில் அடைக்கும் கம்பெனிச் சரக்கு வேண்டாம், குறைந்த அளவில் கவனமாகச் செய்தது வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு அதை ஒழுங்காக ருசி பார்ப்பது எப்படி? நட்சத்திர ஓட்டல் பாரில் ஒரு கிளாஸ் சொல்வதா, பாட்டில் வாங்கி வீட்டில் நாலைந்து பேராகத் திறப்பதா, லீவு போட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கே கிளம்புவதா?

பெரும்பாலும் விலையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். விலை முக்கியம்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் அதைவிட முந்திக்கொண்டு நிற்கும் விஷயங்கள் சில இருக்கின்றன.

சார்டொனேயில் அப்படி என்ன

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் பிறந்த வெள்ளைத் திராட்சை இது. அங்கே மாக்கோன் வட்டாரத்தில் சார்டொனே என்ற பெயரிலேயே ஒரு கிராமமும் உண்டு. இந்தத் திராட்சைக்கு ஒரு விசேஷம்: சொந்த மணம் குறைவு. கம்பம் பன்னீர் திராட்சையை ஒரு கொத்து வாங்கி மூக்கருகே வைத்தால் பழமே மணக்கும். அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். சார்டொனே பழத்தை முகர்ந்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. ஒயினாகும்போது வருகிற மணத்தில் பெரும்பங்கு, விளைந்த இடத்தின் குளிர், செய்தவர் எடுத்த முடிவுகள் இவற்றிலிருந்து வருவது. எஃகுத் தொட்டியில் நொதிக்க விட்டாரா, ஓக் பீப்பாயிலா? அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு எத்தனை மாதம் கிடக்க விட்டார்? ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா, பாலில் வரும் லாக்டிக் அமிலமாக மாற்ற அனுமதித்தாரா? அந்த மாற்றத்தில் டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது. வெண்ணெய்க்கு வெண்ணெய் வாசனை தருவதும் அதேதான். ஆகவே "வெண்ணெய் மாதிரி மணக்கிறது" என்று யாராவது சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை.

சின்னத் தயாரிப்பை ஏன் தேட வேண்டும் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பர்கண்டிப் பீப்பாய் ஒன்று 228 லிட்டர் கொள்ளும். ஏறக்குறைய 300 பாட்டில். பத்துப் பீப்பாய் வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ருசி பார்த்து, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியும். கை தப்பினால் அதுவும் அப்படியே தெரியும். சின்னது என்பதாலேயே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான் உத்தரவாதம்.

எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒயின் எந்த நிலையில் உங்கள் கிளாஸுக்கு வந்து சேர்கிறது என்பது. அடுத்தது, பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிட முடியுமா என்பது. தனியாக ஒரே ஒரு சார்டொனேயைக் குடித்துவிட்டு அதைப் பற்றித் தெரிந்துகொண்டதாக நினைப்பது வீண். மூன்றாவது செலவு; மெனு கார்டில் இருக்கும் தொகை அல்ல, எல்லாம் சேர்த்து ஆகும் தொகை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாக, நிம்மதி. மதுரை பெரிய ஊர்தான், ஆனாலும் பார் வாசலில் மாமனாரின் சிநேகிதரைப் பார்த்துவிடுகிற அளவுக்குச் சின்ன ஊர்.

ஓட்டல் பாரில் ஒரு கிளாஸ்

சுலபமான வழி இதுதான். குளிர்ந்த அறை, சரியான கிளாஸ், கழுவ வேண்டிய வேலை இல்லை. வீட்டில் கொண்டுவர முடியாதவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

சிக்கல், அந்த பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. நம் ஊரில் சாயங்கால பாரில் விஸ்கி ஓடுகிற வேகத்தில் வெள்ளை ஒயின் ஓடாது. திறந்த சார்டொனே, குளிர்பெட்டியில் இறுக மூடி வைத்தால் மூன்று நாள் வரை பரவாயில்லை. அதற்கு மேல் பழ மணம் மங்கும், அறுத்து வைத்த ஆப்பிள் பழுப்பேறும்போது வரும் வாடை தலைகாட்டும். முதல்முறை குடிப்பவர் "ஓ, சார்டொனே என்றால் இதுதானா" என்று முடிவு கட்டிவிடுவார். எனவே உட்கார்ந்ததும் கேளுங்கள்: "எப்போ திறந்ததுண்ணே?" கூச்சப்பட வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் பீரோ எலுமிச்சை சோடாவோ சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

செலவுக் கணக்கும் இடிக்கும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். மெனுவில் ஒரு கிளாஸ் விலையை ஐந்தால் பெருக்கி, அதே ஒயினின் பாட்டில் விலையோடு வைத்துப் பாருங்கள். மூன்று பேர் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் பாட்டிலாகச் சொல்வதே லாபம், கண் முன்னால் திறக்கவும் வைக்கலாம். கார்க் கெட்டு, நனைந்த சாக்கு வாடை வந்தால் வேறு பாட்டில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டில் திறக்கும் பாட்டிலுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

சின்னத் தயாரிப்பு கிடைக்குமா? அரிது. பெரும்பாலும் பெரிய பெயர்கள்தான் பட்டியலில் இருக்கும். கல்யாண நாள், வெளியூர் விருந்தாளி என்று ஏதாவது சாக்கு இருந்து, நல்ல சாப்பாட்டோடு ஒரு பாட்டிலைத் திறப்பதாக இருந்தால் ஓட்டல் சரி. கற்றுக்கொள்ள என்றால், எனக்கு இது மூன்றாம் இடம்.

வீட்டில் பாட்டில்

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதில்தான் கண்ணுக்குத் தெரியாத செலவும் அதிகம்.

முதலில் கடை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். ஒயின் தேடுகிறவர் போக வேண்டியது எலைட் கடைக்கு; உள்ளே நடந்து, அலமாரியைப் பார்த்து, கையில் எடுத்து லேபிள் படிக்கலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கே சின்னத் தயாரிப்புகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்குக் காரணம் ரசனை அல்ல, காகிதம். நம் நாட்டில் ஒரு மாநிலத்தில் விற்க வேண்டுமென்றால் அந்த மாநிலத்தில் தனியாக அனுமதியும் கட்டணமும். மூவாயிரம் பாட்டில் செய்கிறவர் அதைச் சொந்த மாநிலத்திலும் மும்பையிலும் விற்றுத் தீர்த்துவிடுவார். இங்கே வந்து மனு போட மாட்டார். ஆகவே பல சமயம் உங்களுக்குக் கிடைப்பது, பெரிய அல்லது நடுத்தரக் கம்பெனி குறைந்த அளவில் செய்த மேல்வரிசைச் சரக்கு. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இருக்கும் ஃப்ராத்தெல்லி, சாதாரண சார்டொனேயும் செய்கிறது, வீட்டே (Vitae) என்ற பெயரில் பீப்பாயில் வைத்ததும் செய்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு முகம்; இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெளிநாட்டு பாட்டில் என்றால், காசில் பெரும்பகுதி வரிக்குப் போகிறது. ஒயினுக்கு இந்தியா விதித்துவந்த சுங்க வரி எல்லாம் சேர்த்து 150 சதவீதம். அதற்கு மேல் மாநில வரி, இடையில் இருப்பவர்களின் லாபம். ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்தபின், அங்கிருந்து ஐந்து டாலருக்கு மேற்பட்ட இறக்குமதி விலையில் வரும் பாட்டிலுக்கு வரி 100 சதவீதத்துக்கும், பதினைந்து டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதத்துக்கும் இறங்கி, பத்து வருடத்தில் இன்னும் படிப்படியாகக் குறைகிறது. ஆகவே கொடுக்கும் காசுக்கு வெளிநாட்டு சார்டொனே என்றால் ஆஸ்திரேலியாவை முதலில் பாருங்கள். பிரெஞ்சு லேபிளுக்கு மயங்க வேண்டியதில்லை. 1976 மே 24-இல் பாரிஸில், லேபிளை மறைத்து பிரெஞ்சு நடுவர்களே ருசி பார்த்தபோது வெள்ளை ஒயின்களில் முதலிடம் போனது கலிபோர்னியாவின் ஷத்தோ மோன்டலேனா 1973 சார்டொனேக்கு.

அடுத்தது வெயில். இது நம் ஊரின் தனிப்பட்ட வரி. ஒயினுக்கு 12, 15 டிகிரி சுகம். மதுரை சித்திரையில் 40 தொடும். லாரியில் வந்தது, கோடவுனில் கிடந்தது, மின்சாரம் போன மதியங்கள் எல்லாம் பாட்டிலுக்குள் எழுதப்பட்டிருக்கும். வாங்குமுன் பாட்டிலைக் கழுத்தோடு பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மூடி உறைக்கு மேலே கார்க் தள்ளி நிற்கிறதா? கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் உண்டா? இளசான ஒயின் தேநீர் நிறத்துக்குப் போயிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிடுங்கள். ஜன்னலோரத்தில், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நிற்பதை எடுக்காதீர்கள். திருகு மூடி பாட்டிலை மட்டமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் சீதோஷ்ணத்துக்கு அது கார்க்கைவிட உசத்தி என்பது என் கட்சி. மாசி பிறப்பதற்குள் வாங்கி, வாங்கிய வாரத்திலேயே திறப்பது இன்னும் உத்தமம்.

இனி வீட்டில். ஆறு பேர், இரண்டு பாட்டில். ஆளுக்கு 60 மில்லி வீதம் ஊற்றினால் ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிதான் தீரும். மீதி பாதி சாப்பாட்டுக்கு. இரண்டு பாட்டிலும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 670 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் ஒரே மாதிரி ஆறு கிளாஸ் வேண்டும்; அடி அகன்று வாய் குறுகியது. எவர்சில்வர் டம்ளரில் மணம் நிற்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாசனை ஒட்டியிருந்தாலும் காரியம் கெடும், வெந்நீரில் அலசிப் பருத்தித் துணியால் துடையுங்கள். சிநேகிதர்கள் பங்கு போட்டு வாங்குவது வேறு. டிக்கெட் போட்டு ஊற்றினால் அதற்கு உரிமம் வேண்டும்.

மதுரையில் கேட்கக் கூடாத ஒரு வேண்டுகோளை இங்கே வைத்தாக வேண்டும்: அன்றைக்கு யாரும் மல்லிகைப்பூ வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முழம் மல்லி கூடத்தில் இருந்தால் சார்டொனே வாய் திறக்காது. சாம்பிராணி, ஊதுபத்தி, மீன் வறுத்த சட்டி எல்லாவற்றுக்கும் அதே தடை. வீட்டில் இதைச் சொல்லிச் சமாளிப்பதும் மறைமுகச் செலவுக் கணக்கில் சேரும்.

குளிர் விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நாலு ஐந்து டிகிரியில் ஊற்றினால் நாக்கு மரத்து, புளிப்பு மட்டும் தெரியும். பீப்பாய் ஒயினில் கொடுத்த காசு முழுக்க வீண். புத்தகத்தில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள் என்று இருக்கும். அது குளிர் நாட்டுக்காரர் கணக்கு. நம் கூடத்தில் 32 டிகிரி. எஃகுத் தொட்டி ஒயினுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், பீப்பாய் ஒயினுக்குக் கால் மணி நேரம் போதும். அதோடு, கொஞ்சமாக ஊற்றுங்கள். கிளாஸில் இருப்பது பேச்சு முடிவதற்குள் வெதுவெதுத்துவிடும்.

பாட்டில்களைத் தினத்தந்தியில் சுற்றி, ஒன்று, இரண்டு என்று எழுதிவிடுங்கள். எது விலை அதிகம் என்று தெரிந்தால் நாக்கு விலைக்குத் தக்கபடி பேசும். கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறம் பாருங்கள். ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு மேசையில் வைத்தபடியே வட்டமாகச் சுழற்றி மறுபடி முகருங்கள்; இரண்டாவது முறை வருவது வேறாக இருக்கும். ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விட்டு, பிறகு விழுங்குங்கள், இல்லை துப்புங்கள். நாலு பேர் முன்னால் துப்பக் கூச்சமாக இருந்தால் ஆளுக்கொரு பேப்பர் கப் கொடுத்துவிடலாம். விழுங்கியபின் கவனிக்க வேண்டியது தாடையின் இரண்டு ஓரம். அங்கே எச்சில் ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. ஊறாமல் நாக்கின் மேல் எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு கனம் மட்டும் மிஞ்சினால், வெயிலில் அதிகம் பழுத்த பழம். நல்ல சார்டொனேயில் இரண்டும் சேர்ந்து நிற்கும். இந்தியச் சரக்கில் எனக்கு அடிக்கடி குறையாகப் படுவது அந்தப் புளிப்புதான்.

பேசி முடித்தபின் பேப்பரைப் பிரியுங்கள். முன்னதாகப் பிரித்துவிடுகிற அவசரக்காரர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பாட்டிலை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தோட்டத்துக்கே போவது

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்: "கம்பம் பக்கத்திலேயே இருக்கே, பெங்களூருக்கு எதுக்கு?" கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர் திராட்சை; 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அருமையான பழம், வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை. சார்டொனேக்கு வேண்டியது அந்த வேகம் அல்ல. இரவில் குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு தங்கும். அதனால்தான் தோட்டங்கள் நாசிக் பக்கமும், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரு மேட்டுநிலத்திலும்.

மதுரைக்குக் கைக்கெட்டும் தூரம், நந்தி மலைப் பக்கம் தொட்டபள்ளாப்பூர் அருகே இருக்கும் குரோவர் ஜாம்பா. 2024 ஆகஸ்டில் மதுரை-பெங்களூரு வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் காலையில் ஏறினால் மதியம் பெங்களூரு கன்டோன்மென்ட். அங்கிருந்து டாக்சி, ருசி பார்த்துவிட்டு வண்டி ஓட்டும் எண்ணம் வேண்டாம். தொட்டி, பீப்பாய், பாட்டில் அடைக்கும் இடம் எல்லாம் சுற்றிக் காட்டி, கடைசியில் வரிசையாகச் சில ஒயின்கள் ஊற்றுவார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. ஒயின் பிறந்த இடத்திலிருந்து நகரவே இல்லை என்பதால் நிலையைப் பற்றிய கவலையும் இல்லை. இந்த இரண்டிலும் இதை மிஞ்ச மற்ற இரண்டுக்கும் முடியாது.

ஆனால் ஊற்றும் வரிசையில் சார்டொனே இருக்குமா என்பது வேறு கதை. குரோவர் பெயர் வாங்கியது கேபர்னே-ஷிராஸ் சிவப்பிலும் வியோன்யே வெள்ளையிலும். கிளம்புமுன் போன் போட்டு, "சார்டொனே இருக்கா, பீப்பாயில வெச்சதும் ஊத்துவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அதற்காகவே போகிறவர் அக்லூஜுக்கோ நாசிக்குக்கோ போக வேண்டும். அது பெங்களூரு போல ஒரு இரவில் முடியாது. அறுவடையைப் பார்க்க விரும்பினால் ஜனவரி, பிப்ரவரி. வெள்ளைத் திராட்சைதான் முதலில் இறங்கும்.

ரயில், டாக்சி, தங்கல், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் ஒரு ஆள் செலவில் வீட்டில் நாலைந்து தடவை ஜோடி பாட்டில் திறக்கலாம். இன்னொன்று, மலைக்காற்றும் சீஸ் தட்டும் சேர்ந்தால் சுமாரான ஒயினும் அற்புதமாகத் தோன்றும். அந்த மயக்கத்தில் ஆறு பாட்டில் வாங்கிவிடுவார்கள். வெளி மாநிலச் சரக்கை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டக் கட்டுப்பாடு இருப்பது பில் போட்டபின் ஞாபகம் வரும். அங்கேயே குடித்து முடிக்கிற அளவு மட்டும் வாங்குங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று தடவை ஒப்பிட்டுப் பழகியவர் போனால் இந்தப் பயணம் கொடுத்த காசுக்கு மேல் பலன் தரும். ஒன்றும் தெரியாமல் போனால் அது நல்ல சுற்றுலா.

எந்த இரண்டு பாட்டில்

| | எஃகுத் தொட்டி | ஓக் பீப்பாய் |
|---|---|---|
| நிறம் | வெளிறிய எலுமிச்சை | பொன் மஞ்சள் |
| மணம் | பச்சை ஆப்பிள், எலுமிச்சை. வெயில் ஊர்ச் சரக்கில் அன்னாசி, மாம்பழம் | வெண்ணெய், வனிலா, தேங்காய், வறுத்த பருப்பு |
| குளிர் | 8–10 டிகிரி | 11–13 டிகிரி |
| வாங்கும்போது வயது | 2, 3 வருடத்துக்குள் | 5 வருடம் வரை |
| தட்டில் | உப்பு, மிளகு மட்டும் போட்டு வறுத்த வஞ்சிரம், இறால் | தேங்காய்ப்பால் சொதி, நெய் ரோஸ்ட், காரமில்லாத கோழி |

தேங்காய் மணத்தைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் தருவது அது, அமெரிக்க ஓக்கில் கூடுதல்.

அயிரை மீன் குழம்பையும் கறி தோசையையும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். மிளகாய்க் காரம் ஒயினில் உள்ள சாராய எரிச்சலையும் ஓக்கின் கசப்பையும் தூக்கிக் காட்டும். குழம்பின் புளி முன்னால் ஒயின் சப்பென்று போகும். குழம்புக்கு அநியாயம், ஒயினுக்கும் அநியாயம்.

லேபிளில் "ரிசர்வ்" என்று பார்த்து அதிகம் கொடுக்காதீர்கள். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. பின்பக்கம் பீப்பாயில் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறார்களா, திராட்சை எந்தத் தோட்டத்தது, எந்த வருடத்து அறுவடை என்று பாருங்கள். ஷாப்லி என்று போட்ட பிரெஞ்சு பாட்டில் கண்ணில் பட்டால் அதுவும் சார்டொனேதான். பர்கண்டியின் குளிர்ந்த வடகோடி, பெரும்பாலும் ஓக் படாதது, நல்ல புளிப்பு. காசு தாங்குமென்றால் எஃகுத் தொட்டி வரிசைக்கு அதை வைக்கலாம்.

கடையில் ஒரே ஒரு சார்டொனேதான் இருக்கிறது என்றால் திரும்பி வந்துவிட வேண்டாம். கூடவே சாவின்யோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையில் செய்த இந்திய ஒயின் ஒன்று வாங்குங்கள், அது சுலபமாகக் கிடைக்கும். அதில் குடைமிளகாயும் அப்போது வெட்டிய புல்லும் மூக்கில் ஏறும். அதை முகர்ந்த கையோடு சார்டொனேக்கு வந்தால், ஒயின் செய்தவர் இதில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார் என்பது பிடிபட ஆரம்பிக்கும்.